அவர் “சாப்டியா” என்று கேட்டால்

வெள்ளிமலை வண்டியில் அந்த நடத்துநர் யாரையாவது பார்த்து “சாப்டியா” என்று கேட்டால், கேட்கப்பட்டவரின் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கல்வராயன் மலையில் இது தெரியாதவர்கள் கிடையாது. கேள்வி காதில் விழுந்ததும் சிலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் “சாப்ட்டேன், சாப்ட்டேன்” என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறுவார்கள். சாப்பிட்டிருக்கவே மாட்டார்கள்.

மலையில் பாதி ஊர்களில் செல்போன் எடுக்காது. நோய் முற்றியவர்களைக் கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். கூட ஒருவர் போவார், மற்றவர்கள் மேலே காட்டையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நோயாளி இறந்துபோனால் கூடப் போனவர் பேருந்து நிலையத்துக்கு ஓடிவந்து இவரிடம்தான் சொல்வார். இவர் அந்தச் சேதியை மேலே கொண்டுபோய், உரியவரைத் தேடிப் பிடித்து, அதே வண்டியில் கீழே அழைத்து வருவார். இதற்கு அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அவரும் மலைக்காரர், அவ்வளவுதான்.

நான் மலைமேல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் அந்த வண்டியில்தான் ஏறி இறங்கினேன். மாத்திரை கொடுக்கிற பெண் எல்லாம் மலையில் ‘சிஸ்டர்’தான். நர்ஸ் வேறு, நான் வேறு என்று விளக்கிப் பார்த்து ஓய்ந்துபோனேன். என் வாய்க்கும் மலையில் ஒரு பெயர் உண்டு. எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடாதவரிடம் “கால் போயிடும்” என்றுதான் சொல்வேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அதனால் அந்த நடத்துநரைக் கண்டாலே ஆரம்பத்தில் எனக்கு ஆகாது.

ஆள் உயரம். பேருந்தின் கூரைக்குப் பயந்து பயந்தே கூன் விழுந்துவிட்ட உயரம். கழுத்தில் எப்போதும் ஒரு ஈரிழைத் துண்டு. தோளில் தொங்கும் பையில் டிக்கெட் போடும் மெஷினோடு ஒரு பன் இருக்கும். அது அவர் தின்பதற்கு இல்லை. வண்டியில் யாருக்கு அந்த பன் போகிறதோ, அவருக்கு ஜன்னல் ஓரம் இடமும் தானாகக் கிடைத்துவிடும். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள் எழுந்து ஒதுங்கி நின்று வழி விடுவார்கள்.

அவர் எப்படிச் சொல்வார் என்பதை நான் முதன்முதலில் முழுசாகப் பார்த்தது ஒரு கடுக்காய்ச் சீசனில். கடுக்காய் பறிக்க ஏறிய ஒருவர் மரத்திலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். மனைவிக்குச் சின்ன வயது. வெள்ளிமலையில் ஏறினாள். ஏறும்போது இவர் “சாப்டியா” என்று கேட்டுவிட்டு, வீட்டுக்காரருக்கு இன்னும் கண் திறக்கவில்லை என்றார். கரியாலூரில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, இட்லி வாங்கி, அவள் தின்று முடிக்கும்வரை ஓட்டுநரை வண்டியை எடுக்க விடவில்லை. அதற்குக் கீழே ஒரு வளைவில், பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார் என்றார். அருவி தாண்டி, உடம்பு சில்லிட்டுக்கொண்டு போகிறதாம் என்றார். கோமுகி அணை தெரிந்ததும் பின் சீட்டில் இருந்த ஒரு வயதான பெண்மணியை எழுப்பி அவள் பக்கத்தில் உட்கார வைத்தார். அணை தாண்டிய பிறகு, முன்பக்கக் கம்பியைப் பிடித்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி, மிச்சத்தைச் சொன்னார். அவள் அழுதாள். ஆனால் கள்ளக்குறிச்சியில் தன் காலால் இறங்கி நடந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். செத்துப்போனவரை உயிரோடு இருப்பதாகச் சொல்லிச் சொல்லிக் கூட்டிவருவது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேதி தெரிந்துவிட்டால் பிணத்தை எடுக்கும்வரை அந்தப் பெண் பச்சைத்தண்ணி பல்லில் படாமல் கிடப்பாள், கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள், இட்லி முதலில் போகட்டுமே என்றார். பிறகு என்னையே திருப்பிக் கேட்டார்.

“நீங்க மாத்திர எப்டி குடுக்கறீங்க சிஸ்டர்? ஒரு மாச மாத்திரைய ஒரே வாயில முழுங்கச் சொல்வீங்களா? பஸ்ஸே வளஞ்சி வளஞ்சித்தான் எறங்குது. சேதி மட்டும் குதிக்கணுமா?”

எனக்குப் பதில் வராமல் இல்லை. நீங்கள் “சாப்டியா” என்று கேட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு இந்த நாடகம் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அன்றைக்கு நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“தெரியறது வேற, சொல்றது வேற சிஸ்டர். சொல்ற வரைக்கும் அவங்க கைல கொஞ்சம் இருக்கும்.”

அந்தக் கேள்வியால் அவர் பட்ட பாடும் உண்டு. ஒருநாள் ஏதோ நினைவில், சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றிவந்த ஒருவரைப் பார்த்துச் சும்மா “சாப்டியா” என்று கேட்டுவிட்டார். அந்த மனிதருடைய தம்பி வயிற்றுவலிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவ்வளவுதான், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தவர் கச்சிராயபாளையம் வரை நிறுத்தவில்லை. இவர் “சும்மாதான் கேட்டேன்” என்று சொல்லச் சொல்ல அழுகை ஜாஸ்தியானது. கூட இருந்த பெண்கள் ஒப்பாரியே எடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் தம்பி வார்டு வாசலில் குந்திக்கொண்டு பொரை தின்றுகொண்டிருக்கிறார். அந்தப் பலாப்பழக்காரர் அப்புறம் ஒரு வருஷம் இவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை வேறு எதற்கும் அவர் எடுப்பதில்லை. வீட்டில் மனைவியைக்கூட “பசிக்குதா” என்றுதான் கேட்பாராம். அந்த அம்மாளே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

எல்லாம் சிரிக்கிற கதை இல்லை. ஒரு தடவை கீழே ஒரு கிழவிக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. மகளை அழைத்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவர் வழக்கம்போல, லேசாக முடியவில்லை என்று ஆரம்பித்து, கரியாலூரில் இட்லிக்கு நிறுத்தி, வளைவுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு இறங்கினார். அவள் வார்டுக்குள் போனபோது அப்போதுதான் துணியை முகத்துக்கு இழுத்து மூடிக்கொண்டிருந்தார்களாம். அந்தப் பெண் மறுநாள் பேருந்து நிலையத்தில் வந்து நின்று, கத்தாமல் கேட்டாள்.

“நேரா சொல்லியிருந்தா ஜீப்பு புடிச்சினு ஓடியாந்திருப்பேனே அண்ணா. அம்மா கண்ணத் தொறந்து பாத்திருக்கும் இல்ல?”

அன்றைக்கு முழுக்க, ஏறுகிறவர்கள் ஊர் சொன்னால் அவர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், அவ்வளவே. சாயங்காலம் இறங்கும்போது நான் விட்டுவைக்கவில்லை. செத்தவர்களுக்கு உங்கள் கணக்கு சரி, சாகப் போகிறவர்களுக்கு அது ஆகாது, அங்கே நேரம்தான் மருந்து என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனின் குணத்தை யார் மாற்றிவிட முடியும்?

அவருக்கு ஒரு அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வெள்ளிமலைக்கு அப்பால், வண்டி போகாத ஒரு சின்ன ஊரில் தனியாகச் சாமையும் மரவள்ளியும் வைத்துக்கொண்டு இருந்தார். ரத்தக்கொதிப்புக்கு மாதாமாதம் என்னிடம் மாத்திரை வாங்க நடந்தே வருவார். அப்படி வருகிற நாளில் தம்பியின் வண்டி வரும்வரை நின்று, அவர் இறங்கி வந்ததும் துண்டை இழுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் போவார். அவருக்கும் வெட்கமில்லை, அக்காவுக்கும் இல்லை. வண்டி முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நடத்துநருக்கு நோய் தலைவலியாகத்தான் வந்தது. காலையில் எழுந்ததும் வாந்தி. என்னிடம் மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டார். பிறகு மலை இறங்குகிறவர்களுக்கு மலை ஏறுகிற டிக்கெட் வர ஆரம்பித்தது. கச்சிராயபாளையம் என்று வாய் வரை வந்து பேர் வராமல் நின்றார். ஸ்கேன் எடுங்கள் என்று நான் சத்தம் போட்டேன். எடுக்கிறேன், எடுக்கிறேன் என்றவர், கரியாலூரில் படிக்கட்டில் இறங்கும்போது வலிப்பு வந்து விழுந்தார். கள்ளக்குறிச்சியில் படம் எடுத்தவர்கள் சென்னைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை வரை பேசிக்கொண்டு போனாராம், அதற்கு மேல் தூங்கிவிட்டாராம்.

சென்னையில் பார்த்த இளம் டாக்டர் நேராகச் சொல்கிறவர். மூளையில் இருப்பது கெட்ட கட்டி, எவ்வளவு எடுத்தாலும் வேர் மிச்சம் இருக்கும், திரும்ப வளரும், மாதங்களைத்தான் கூட்டிக் கொடுக்க முடியும், வருஷங்களை அல்ல என்று அத்தனையையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் நான் பார்க்கப் போனபோது நடத்துநர் என்னிடம் இதைத்தான் முறையிட்டார்.

“எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டாரு சிஸ்டர். நான் டிபன்கூட சாப்புடல.”

சிரிக்கத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கட்டியை எடுத்துவிட்டு, அது இருந்த குழியில் மருந்து ஊறிய தகடுகளை வைத்துத் தைப்பதாக அந்த மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் சொன்னது அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. தலைக்குள் தகடா என்று அவர் மனைவி நடுங்கிக்கொண்டிருந்தார். நான் விளக்கினேன். புற்றுக்குக் கொடுக்கிற மருந்தை நரம்பில் ஏற்றினால் உடம்பெல்லாம் போய் வாட்டும், ஆனால் மூளைக்குள் சரியாக நுழையாது, அங்கே ஒரு வேலி இருக்கிறது. அதனால் மருந்தை வேலிக்கு உள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அதைச் சுமக்கிற தகடு ஒரு வகைப் பாலிமர், வில்லை மாதிரி சின்னதாக இருக்கும். உப்புக்கல் மாதிரி ஒரேயடியாகக் கரைந்துவிடாது. சோப்பு தேய்கிற மாதிரி மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேயத் தேய உள்ளே இருக்கிற மருந்து அந்த அளவுக்கு மட்டும் வெளியே வரும்.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மொத்தமாக வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். பக்கத்தில் இருக்கிற நல்ல மூளையும் வெந்துபோகும் என்றேன். தேய்ந்த தகட்டைத் திரும்பத் தலையைத் திறந்து எடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது மக்கிப் போகிற சரக்கு, உடம்பே அதை வெளியே தள்ளிவிடும் என்றேன். மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். பல நாள் கழித்து ஒரு சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது அந்த முகம்.

“இத கண்டுபுடிச்சவன் மலப்பாதைல பஸ்ஸு வுட்டிருப்பான் சிஸ்டர்” என்றார்.

கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதே என்னிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லக் கூடாது. அது அவருடைய சேதி, அவர்தான் சொல்வார், பதமாகச் சொல்வார். என் வாயின் லட்சணம் தெரிந்துதான் கேட்டார். சீக்கிரம் சொல்வதாக இருந்தால் சத்தியம் என்றேன். சரி என்றார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. தகடுகள் உள்ளே தங்கின. காயம் ஆறத் தாமதமானது, ஒரு தடவை வலிப்பு வந்தது, தலை வீங்கி இறங்கியது. அப்புறம் ‘கரண்டு’ என்று இங்கே சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வந்தபோது இளைத்து, மொட்டைத் தலையில் குறுக்கே ஒரு வடுவோடு இருந்தார். ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. நடந்தார். தன் கையால் சாப்பிட்டார். பேரப் பிள்ளைகளோடு கேரம் விளையாடினார். தகடும் மற்ற மருந்துகளும் சேர்ந்து அவருக்கு வாங்கிக் கொடுத்த நல்ல காலம் அது. அதை நான் கண்ணால் பார்த்தேன். இந்த நாட்களுக்காகத்தானே இத்தனையும் செய்தார்கள், அக்காவைக் கூப்பிடுங்கள் என்று போகிறபோதெல்லாம் சொன்னேன்.

அவர் ஆரம்பித்திருந்தார். அவர் முறைப்படி. அவருக்குப் பதிலாக வெள்ளிமலை வண்டிக்கு வந்த நடத்துநரிடம்தான் சொல்லி அனுப்பினார். முதலில், தலைவலியால் லீவு போட்டிருக்கிறேன் என்று. சில வாரம் கழித்து, கண்ணில் கோளாறு, கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று. அடுத்தது, தலையில் ஒரு சின்னத் தையல் என்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அக்கா அதைச் செரிக்க நேரம் விட்டார். மேலேயிருந்து பதிலுக்குச் சாமை வந்தது, தேன் வந்தது, ஒரு பூசணிக்காய் வந்தது. கேள்வி ஒன்றும் வரவில்லை.

முடி வளரட்டும் என்றார். இந்தத் தலையோடு பார்த்தால் அக்கா தாங்காது, முடி கொஞ்சம் மூடிக்கொண்டதும் வரச் சொல்லி, முகத்தைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன் என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. முடி வளருமா, கட்டி வளருமா என்று கேட்டே விட்டேன். அவர் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் மட்டும் கோபப்படாமல் சொன்னார்.

“அக்கா மாமன் செத்ததுலயே பாதியா பூட்டுது சிஸ்டர். இத மொத்தமா எறக்கினா அது வூடு வரைக்கும் நடக்காது. இன்னும் ரெண்டு வளைவுதான். சொல்லிடறேன்.”

அந்த மாதம் அக்கா மாத்திரைக்கு வந்தார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பார், கேட்டால் சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. நானாகத்தான் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, உங்கள் தம்பியைப் பற்றி ஒன்று என்று ஆரம்பித்தேன். அவர் மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டே எழுந்துவிட்டார்.

“அவன் சொல்வான்” என்றார். அதற்குமேல் நிற்கவில்லை.

என்ன கல் நெஞ்சு என்று அன்றைக்கு நினைத்தேன். இல்லாவிட்டால் ஒன்றும் புரியாத ஜென்மம். இரண்டில் ஒன்று என்று என் பாட்டுக்கு முடிவுகட்டினேன்.

தகடு கரைந்து போய் வெகுகாலம் ஆகியிருந்தது. கட்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை அது முதலில் பேச்சைத்தான் பிடித்தது. ஒரு வாரம் பெயர்கள் போயின. அடுத்த வாரம் வாக்கியங்கள் போயின. தண்ணீர் வேண்டும் என்பதற்குச் சுவரைக் காட்டுவார். முடி மட்டும் வடு தெரியாமல் வளர்ந்துவிட்டிருந்தது. கடைசியில் அவர் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் நின்றது. சிலருக்கு அப்படி நின்றுபோகும், ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்த ஒரு வார்த்தை கழன்று போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

“சாப்டியா” என்றார். மனைவியைப் பார்த்து, மகனைப் பார்த்து, ஊசி போட வந்த பெண்ணைப் பார்த்து. வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் “சாப்டியா.” பார்க்க வந்த மலைக்காரர் ஒருவர் அதைக் கேட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடிவிட்டார். நான் போனபோதும் அதையேதான் கேட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்து, அக்காவை நாளைக்கு அழைத்து வருகிறேன், அதற்குமுன் அக்காவிடம் நான் என்ன சொல்ல என்று கேட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வாயைத் திறந்து, மூடி, எங்கேயோ தேடினார். வலது கை வரவில்லை. இடது கையைத் தூக்கி, வடமேற்கே, மலை இருக்கிற பக்கம் காட்டினார். கழுத்து நரம்பு புடைக்க அவர் இழுத்துக் கொண்டுவந்த வார்த்தையும் அதுதான்.

மறுநாள் காலை நான் மலைமேல் போய் இறங்கும்போதே அவர் மனைவியின் போன் வந்துவிட்டது. விடியும்போது போய்விட்டார். அழுகைக்கு நடுவே அந்த அம்மாள் சொன்னது ஒன்றுதான். அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்க, எடுத்ததும் சொல்லிடாதீங்க.

போனேன். அக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கவிழ்த்து வைத்தார். கிளம்புங்கள், கள்ளக்குறிச்சிக்குப் போகணும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு தூக்குப்போணியை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். நடந்தோம். வண்டியில் ஏறியதும் புது நடத்துநர் எங்களைப் பார்த்துவிட்டு, ஜன்னல் ஓரம் இருந்தவரை எழுப்பினார்.

கரியாலூர் தாண்டும்வரை அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தானாகப் பேச ஆரம்பித்தார். தலைவலி என்று சொல்லி அனுப்பிய அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். பிறந்ததிலிருந்து ஒரு தும்மலுக்குக்கூடச் சேதி அனுப்பாதவன் தம்பி.

“தெரிஞ்சுமா வரல? நல்லா பேசிகினு, நடந்துகினு இருந்தாரே. வந்து பாத்திருக்கலாமே அக்கா” என்றேன்.

“அவன் சொல்லி முடிக்கலியே யம்மா” என்றார் அவர். “கொஞ்சம் கொஞ்சமா எனக்குனு எறக்கினு இருந்தான். நடுவுல நான் போயி முன்னால நின்னா அவன் மனசு இன்னா ஆவும்? அக்காவுக்குத் தெரிஞ்சிபோச்சேன்னு அதுலயே பூடுவானேன்னு இருந்துட்டேன். வரச் சொல்வான்னு பாத்துகினே இருந்தேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கீழே அவர் முடி வளரக் காத்திருந்தார். மேலே இவர் சேதி முடியக் காத்திருந்தார். நடுவில் பேருந்து தினமும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த நல்ல நாட்களை இரண்டு பேருமாகச் சேர்ந்து, பாசத்தாலேயே, பாழாக்கிவிட்டார்கள். யார்மீது கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அருவி தாண்டியதும் அக்கா கேட்டார். “எதுனா சொல்லி வுட்டானா?”

பொய் சொல்ல எனக்கு வராது. நேற்றுப் பார்த்தேன், உங்களிடம் என்ன சொல்ல என்று கேட்டேன், ஒரு வார்த்தைதான் சொன்னார் என்றேன். என்ன வார்த்தை என்று பார்த்தார்.

“சாப்டியான்னு கேட்டாரு.”

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பவே இல்லை. அக்கா துணிப்பையைத் திறந்தார். தூக்குப்போணியில் கேழ்வரகுக் களியும் கொஞ்சம் கீரையும் இருந்தன. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். அவசரம் இல்லை, அழுகை இல்லை. வண்டி வளைவில் சாயும்போது போணியைக் கையால் அணைத்துக்கொண்டார். ஒவ்வொரு வாயாக, நடுநடுவே தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்தது வரை வழித்துத் தின்றார். போணியை மூடிப் பையில் வைத்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார். அதற்குள் கோமுகி அணை தெரிந்தது.

“சாப்ட்டேன்” என்றார். “தலவலின்னான், கண்ணாடின்னான், தையல்னான். மிச்சம் ஒண்ணுதான் கீது. அத நீ சொல்லிடு யம்மா. அவன் அத தூக்கினு போவ வேணாம்.”

மலையெங்கும் நேராகச் சொல்கிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். சொன்னேன். அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்து முடிய, அணையிலிருந்து கச்சிராயபாளையம் வரை ஆகிவிட்டது.